அண்ணியும் நாத்தனாரும் திருப்பிய நியூட்ரான்

சுருளக்காவுக்குக் கர்வம் உண்டு. அதை அவளே ஒப்புக்கொள்வாள், கேட்கக்கூட வேண்டாம். ஆராய்ச்சிக் கூடத்தில் எந்த மூலையில் காந்தச் சுருள் ஓடிக்கொண்டிருந்தாலும், "அது நம்ம கை வேலை" என்று போகிறபோக்கில் ஒரு வார்த்தை வீசிவிட்டுத்தான் நகர்வாள். செப்புக் கம்பியை அவள் சுற்றினால், ஒரு சுற்றுக்கும் அடுத்த சுற்றுக்கும் நடுவே எறும்பு கூடத் தலை நுழைக்க முடியாது. அதனால்தான் அந்தப் பெயர். சொந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் யாரையோ கூப்பிடுகிறார்கள் என்று அவளே திரும்பிப் பார்க்கமாட்டாள்.

அதே கூடத்தில்தான் அவளுடைய நாத்தனாரும் வேலை பார்த்தாள். புருஷனின் தங்கை. ஒரே வீடு, ஒரே வண்டி, ஒரே டிபன் பை. சுருள் அண்ணியுடையது என்றால், அந்தச் சுருளுக்குள் மின்சாரத்தை ஓடவிட்டு, வேண்டிய தாளத்தில் ஆட்டிவைப்பது நாத்தனாரின் வேலை. கெட்டிக்காரி. ஆனால் போன வருஷம் அவள் முதன்முதலாகத் தானே செய்த ஆம்ப்ளிஃபையர், எல்லாரும் பார்த்துக்கொண்டிருக்கும்போதே புகைந்து, கூடம் முழுக்கக் கருகல் வாடை அடித்துவிட்டது. அன்றிலிருந்து அவளுக்குப் 'புகை' என்று பெயர் விழுந்தது. "புகை வந்தாச்சா?", "புகை சாப்பிட்டாச்சா?" என்று ஆளாளுக்குக் கூப்பிடுவார்கள். அவளும் சிரித்துக்கொள்வாள். அந்தச் சிரிப்பு பல்லோடு நின்றுவிடும் என்பது சுருளக்காவுக்கு மட்டும்தான் தெரியும்.

இப்போது இரண்டு பேரும் சேர்ந்து ஒன்று செய்திருந்தார்கள். ஃபிளிப்பர். நியூட்ரானைத் தலைகீழாகத் திருப்பும் சாமான்.

நியூட்ரான் ஒவ்வொன்றும் கண்ணுக்குத் தெரியாத ஒரு பம்பரம் என்று வைத்துக்கொள்ளலாம். அணு உலையிலிருந்து குழாய் வழியாகப் பாய்ந்து வரும்போது அவை கன்னாபின்னாவென்று நிற்கும். வடிகட்டி, தலை மேலே பார்த்து நிற்பவற்றை மட்டும் உள்ளே விடுவார்கள். அவை வழியில் குழம்பிவிடாமல் இருக்க, பாதை நெடுக மேல்நோக்கி ஒரு மெல்லிய காந்தப்புலம் கைபிடித்துக் கூட்டிப்போகும். பம்பரம் சற்றுச் சாய்ந்தால் தலையை வட்டமாக ஆட்டுமில்லையா, காந்தப்புலத்தில் நியூட்ரானும் அப்படித்தான் ஆட்டும். புலம் எவ்வளவு பலமோ அவ்வளவு வேகம். அந்தத் தலையாட்டலுக்குச் சரியாகத் தாளம் பிடித்து, இன்னொரு சின்னக் காந்தப்புலத்தை இங்கும் அங்குமாக ஆட்டினால், சேற்றில் மாட்டிய வண்டியை முன்னும் பின்னும் ஆட்டி வெளியே தள்ளுகிற மாதிரி, நியூட்ரான் கொஞ்சம் கொஞ்சமாகச் சாய்ந்து, கடைசியில் தலைகீழாகிவிடும். தாளம் தப்பினால் ஒன்றும் நடக்காது. எவ்வளவு பலமாக ஆட்டினாலும் அசைந்துகொடுக்காது.

ஃபிளிப்பருக்குள் மேலே ஒரு வளையம், கீழே ஒரு வளையம். இரண்டும் நிலையான புலத்துக்கு. நடுவே நியூட்ரான் போகும் பாதையைச் சுற்றி ஒரு குழாய்ச் சுருள். ஆடும் புலத்துக்கு. மூன்றையும் சுற்றியவள் அண்ணி. மூன்றுக்கும் மின்சாரம் கொடுத்தவள் நாத்தனார்.

அன்று மதியம் அதற்குப் பரீட்சை. நியூட்ரான் குழாயையும் அதன் வழியில் நிற்கும் சாமான்களையும் சேர்த்துக் கூடத்தில் 'வரிசை' என்பார்கள்; பார்க்க வருகிறவர் அந்த வரிசையின் தலைவர். நெடுநெடுவென்று ஒல்லியாக, யோசிக்கும்போது ஒரு காலைத் தூக்கி இன்னொரு காலில் தேய்த்துக்கொண்டு நிற்பார் என்பதால், முதுகுக்குப் பின்னால் 'கொக்கு'. அவர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார்: "வெளியில ரெடிமேடா ஒண்ணு விக்கிறாங்க. வாங்குறதா வேண்டாமான்னு இன்னிக்கு ஆபீஸ் மூடுறதுக்குள்ள நான் பதில் சொல்லியாகணும். உங்களோடது வேலை செஞ்சா, இதுதான் நிரந்தரமா வரிசையில உக்காரும். இல்லேன்னா அலமாரியில உக்காரும்."

அந்தக் கூடத்தில் ஒரு வழக்கம். நிரந்தரமாக வரிசையில் ஏறும் சாமானுக்குச் செய்தவர்களே ஒரு பெயர் வைத்து, பெயின்ட்டில் எழுதிவிடலாம். இருமிக்கொண்டே ஓடும் பம்புக்குக் 'கிழவி' என்று பெயர். ஒரு காலத்தில் ஒரு நியூட்ரானைக்கூட எண்ணாமல் அடம் பிடித்த டிடெக்டருக்கு 'ஊமை'. சுருளக்கா எத்தனையோ சுருள் சுற்றியிருக்கிறாள், ஆனால் எல்லாம் யாரோ ஒருவருடைய சாமானுக்குள் அடங்கியவை. பெயர் வைக்கிற யோகம் அவளுக்கு இன்னும் வாய்க்கவில்லை. நாத்தனாருக்கோ கிடைத்தது ஒரே ஒரு பெயர், அதுவும் அவள் கேட்டு வந்ததில்லை. இன்று இந்தப் பெண் ஜெயித்துவிட்டால் அப்புறம் எவன் 'புகை' என்று வாயைத் திறக்கிறான் பார்க்கலாம் என்று சுருளக்கா மனசுக்குள் கறுவிக்கொண்டிருந்தாள்.

காலையில் ஒத்திகை. கூண்டுக்குள், அதாவது நியூட்ரான் ஓடும் கனத்த சுவர் அறைக்குள், போகுமுன் வாசலில் ஒரு பிளாஸ்டிக் கூடை இருக்கும். சாவி, ஊக்கு, ஹேர்பின், இரும்பு என்று எது இருந்தாலும் அதில் போட்டுவிட வேண்டும். ஒரு துண்டு இரும்பு போதும், புலத்தை வளைத்துவிட. எல்லாம் சரிபார்த்து, கதவைச் சாத்தி வெளியே வந்தார்கள். ஷட்டர்காரர், நியூட்ரான் குழாயை அடைத்து நிற்கும் ஷட்டரைத் திறந்தார். ஊமை எண்ண ஆரம்பித்தது. ஒவ்வொரு நியூட்ரானுக்கும் ஸ்பீக்கரில் ஒரு 'டிக்'. ஊமைக்கு முன்னால் ஒரு சல்லடை உண்டு, தலை மேலே பார்க்கிறவற்றை மட்டும் விடும். ஆகவே திருப்பாமல் விட்டால் 'டிக்'குகள் சடசடவென்று மழைபோலக் கொட்ட வேண்டும். திருப்பினால் அடங்கிப்போக வேண்டும்.

நாத்தனார் நிலையான புலத்தை ஏற்றினாள். மழை பாதியாகக் குறைந்தது. ஆடும் புலத்தைப் போட்டாள். அதே பாதி. நிறுத்தினாள். அதே பாதி.

பாதி என்றால் என்ன அர்த்தம் என்று சுருளக்காவுக்குத் தெரியாதா? பாதையில் புலம் மேல்நோக்கி இருக்க, ஃபிளிப்பருக்குள் மட்டும் கீழ்நோக்கி இருக்கிறது. இரண்டும் சந்திக்கும் இடத்தில் புலமே செத்துப்போய், கைபிடித்து வந்த ஆள் நடுத்தெருவில் விட்டுவிட்டுப் போன மாதிரி, நியூட்ரான்கள் திக்குத் தெரியாமல் சிதறுகின்றன. சுருள் வயர் இரண்டும் மாறிப்போய்விட்டது. இந்தப் பெண்தான் மாற்றி மாட்டியிருக்கிறாள்.

வாய் திறக்கப் போனவள், பக்கத்தில் ஷட்டர்காரர் காதைத் தீட்டிக்கொண்டு நிற்பதைப் பார்த்து விழுங்கிக்கொண்டாள். இப்போது சொன்னால் சாயங்காலத்துக்குள் கூடம் முழுக்கப் பரவிவிடும்.

"பீமே இன்னிக்கு மந்தமா இருக்கு போல," என்று, பாய்ந்து வரும் நியூட்ரான் கற்றையின் மேல் பழியைப் போட்டாள், கூசாமல். "சாப்பிட்டுட்டு வந்து பார்ப்போம்."

"ஆமா அண்ணி, பீம்தான்," என்றாள் நாத்தனார், அவளைவிட வேகமாக. "சாப்பிடலாம், வாங்க."

"நீ முன்னால போய் இடம் பிடி. நான் கை கழுவிட்டு வரேன்."

"சரி அண்ணி. நீங்க மெதுவாவே வாங்க. அவசரமே இல்ல."

ஷட்டர் மூடியாயிற்று. கூண்டு திறந்தாயிற்று. சுருளக்கா கூடையில் ஹேர்பின்களைப் போட்டுவிட்டு, பித்தளை ஸ்பேனரை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். வயர் முனைகள் ஃபிளிப்பர் உட்கார்ந்திருந்த மேசைக்கு அடியில். முட்டி இரண்டும் முறையிட முறையிட, தவழ்ந்து உள்ளே போய், இரண்டு முனைகளையும் கழற்றி மாற்றி மாட்டினாள். வெளியே வரும்போது தலையை மேசையில் இடித்துக்கொண்டாள். 'யாருக்காக? எல்லாம் அந்தக் கழுதைக்காக,' என்று முணுமுணுத்தாலும், நெஞ்சுக்குள் குளுகுளுவென்றுதான் இருந்தது. காதும் காதும் வைத்த மாதிரி முடித்தாயிற்று.

கேன்டீனில் போய்ப் பார்த்தால் இடம் பிடிக்கப் போனவளைக் காணோம். சுருளக்காவே ஒரு மேசையைப் பிடித்து, டிபன் பையைத் திறந்து வைத்த பிறகுதான் நாத்தனார் வந்து உட்கார்ந்தாள். முகத்தில் ஏதோ பெரிய காரியம் சாதித்த களை.

"எங்கடி போனே?"

"பாத்ரூம்ல கூட்டம் அண்ணி."

இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துப் புன்னகைத்துக்கொண்டே சாப்பிட்டார்கள். அன்றைக்கு அவ்வளவு பிரியமாகச் சாப்பிட்டதை அந்த வீட்டு ஆம்பிளை பார்த்திருந்தால், ஏதோ வம்பு வரப்போகிறது என்று கணித்திருப்பார். வீட்டுச் சாப்பாட்டு மேசையில் நியூட்ரான் பேச்சே எடுக்கக்கூடாது என்று சட்டம் போட்டவர் அவர்தான். பாவம், ஸ்கூலில் நாள் முழுக்கப் பிள்ளைகளோடு கத்திவிட்டு வருகிறவர்.

இன்னொரு ஒத்திகை பார்த்துவிடலாம் என்று சுருளக்கா நினைத்திருந்தாள். ஆனால் திரும்பி வந்தால், கொக்கு முன்கூட்டியே வந்து ஒற்றைக் காலில் நின்றுகொண்டிருந்தார். கூண்டை ஒரு தடவை தானே பார்க்க வேண்டும் என்றார். வாசலில் கூடை. பெல்ட்டில் பெரிய இரும்பு பக்கிள். கழற்றிக் கூடையில் போட்டவர், பேன்ட்டை ஒரு கையால் இடுப்போடு பிடித்துக்கொண்டு உள்ளே போய், சுற்றிப் பார்த்துவிட்டு, அப்படியே பிடித்துக்கொண்டு வெளியே வந்தார். பெல்ட்டைத் திரும்ப மாட்டிக்கொள்ள மறந்தேபோனார். யாருக்கும் சொல்லத் துணிவில்லை.

"ஆரம்பிக்கலாம்மா."

ஷட்டர் திறந்தது. மழை கொட்டியது. நாத்தனார் நிலையான புலத்தை ஏற்றினாள்.

மழை பாதியானது.

சுருளக்காவின் முகத்தில் ஈயாடவில்லை. மாற்றி மாட்டினேனே! கையால், இதே கையால்! அப்படியென்றால் வயர் இல்லை. வேறென்ன? சுருளுக்குள்ளேயே ஏதாவது? என் சுருளா? அவள் திரும்பி நாத்தனாரைப் பார்த்தாள். அவளும் பேயறைந்த மாதிரி நின்றாள். ஷட்டர்காரர் இருமினார். அந்த இருமலுக்குள் 'புகை' என்ற வார்த்தை இருந்ததாகச் சுருளக்காவுக்குப் பட்டது.

கொக்கு கொஞ்ச நேரம் ஸ்பீக்கரையே கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு சொன்னார்: "உள்ள புலம் தலைகீழா இருக்கு. சுருள் தப்பா, வயர் தப்பா?"

"என் தப்பு சார்!" என்று இரண்டு குரல் ஒன்றாக வந்தது.

இரண்டு பேரும் திடுக்கிட்டு ஒருவரை ஒருவர் பார்த்தார்கள்.

"நீ சும்மா இருடி," என்றாள் சுருளக்கா. ஒரு பக்கம் கர்வம் 'சொல்லாதே' என்றது. இன்னொரு பக்கம், இந்தப் பெண் எல்லார் முன்னாலும் மறுபடி தலைகுனிந்து நிற்கப்போவது தெரிந்தது. கர்வத்தை விழுங்கினாள். "சார், காலையிலயே இது பாதிதான் வந்துச்சு. வயர் மாறியிருக்குன்னு நானே யார்கிட்டயும் சொல்லாம உள்ள போய் மாத்தி மாட்டினேன். அப்பவும் சரியாகலேன்னா, தப்பு சுருள்லதான். என்னோடதுதான்."

நாத்தனார் ஓரடி முன்னால் வந்தாள்.

"அண்ணி... என்னது, நீங்க மாத்தினீங்களா?"

"ஆமா. உன்னை எல்லார் முன்னாலயும் சொல்ல வேணாம்னுதான்..."

"ஐயோ அண்ணி! நானும் மாத்தினேன்!"

"எங்க?"

"வெளிய, கரண்ட் பெட்டியெல்லாம் அடுக்கியிருக்கே, அந்த ராக்குக்குப் பின்னால! உங்க சுருள் திசை மாறிப்போச்சுன்னு நினைச்சேன். 'என் சுருள் தப்பாது'ன்னு ஊரெல்லாம் சொல்லிட்டுத் திரியுறீங்களே, உங்க மானம் போயிடுமேன்னு..."

ஷட்டர்காரர்தான் முதலில் வெடித்துச் சிரித்தார். "வீட்டுல அடுப்புல இருக்குறதுக்கும் இப்படித்தான் ரெண்டு பேரும் தெரியாம தெரியாம உப்பு போடுவீங்களா?"

"உப்புன்னா கூடும்யா. இது கழிஞ்சுபோச்சு," என்றாள் சுருளக்கா. சொல்லிவிட்டு அவளுக்கே சிரிப்பு வந்துவிட்டது.

கொக்கு சிரிக்கவில்லை. "காலையில முதல்ல எப்படித் தப்பாச்சு? அதைச் சொல்லுங்க. அது தெரியாம நான் எதையும் வரிசையில ஏத்தமாட்டேன்."

"வயர் ரெண்டும் ஒரே கலர் சார்," என்றாள் நாத்தனார். "எது உள்ள, எது வெளியன்னு அண்ணி குறி போடல. கேட்டதுக்கு..."

"குறி எதுக்கு, கடிகாரம் சுத்துறதுக்கு எதிர்ப்பக்கமா கரண்ட் போகணும், அவ்வளவுதானேன்னு சொன்னேன்," என்றாள் சுருளக்கா. "சரியாத்தானே சொன்னேன்? மேலயிருந்து பார்த்தா..." பாதியில் நிறுத்தினாள். "அடியே. நீ எங்கயிருந்து பார்த்தே?"

"மேசைக்கு அடியில மல்லாக்கப் படுத்துக்கிட்டு."

மேலே நின்று பார்ப்பவளுக்கு வலப்பக்கம் சுற்றுவது, கீழே படுத்துப் பார்ப்பவளுக்கு இடப்பக்கம் சுற்றும். அண்ணி சொன்னதும் சரி, நாத்தனார் செய்ததும் சரி. நடுவில் கிடந்த நியூட்ரான்தான் பாவம். தன் சுருளுக்குக் குறி போடுவது தனக்குக் கௌரவக் குறைச்சல் என்று நினைத்த கர்வம் அங்கே வந்து நின்றது. சுருளக்கா அதை மறைக்கவில்லை. "குறி போடாதது என் திமிர் சார். அதையும் சேர்த்துக்குங்க."

கொக்கு மணியைப் பார்த்தார். ஆபீஸ் மூட இன்னும் கொஞ்ச நேரம்தான் இருந்தது. "இன்னொரு வாட்டி பார்ப்போம். யாராவது ஒருத்தர் திரும்ப மாத்துங்க."

"நான் உள்ள போய்..." என்று சுருளக்காவும், "நான் ராக்ல..." என்று நாத்தனாரும் ஒரே நேரத்தில் கிளம்பினார்கள்.

"ஒருத்தர்!" கொக்கு கத்தினார். கத்தின வேகத்தில் பேன்ட் நழுவ, பிடித்துக்கொண்டார். "ஒரே ஒருத்தர்! இன்னொருத்தர் கையைக் கட்டிக்கிட்டு அசையாம நில்லுங்க!"

சுருளக்கா நின்றாள். வாழ்க்கையில் எந்தச் சாமான் முன்னாலும் கையைக் கட்டிக்கொண்டு நின்று அவளுக்குப் பழக்கமில்லை. விரல்கள் அரித்தன. "போடி. நீயே மாத்து," என்றாள். "மெதுவா. கரண்ட்டை இறக்கிட்டு மாத்து."

"தெரியும் அண்ணி."

"திருகை நல்லா இறுக்கு."

"அண்ணி. கை மட்டுமில்ல, வாயும்தான்."

ஷட்டர்காரர் மறுபடி இருமினார். இந்தத் தடவை அது நிஜமாகவே சிரிப்பு.

நாத்தனார் ராக்குக்குப் பின்னாலிருந்து வந்தாள். நெற்றியில் வேர்வை. நிலையான புலத்தை மெல்ல ஏற்றினாள். மழை குறையவில்லை. ஒரு துளி கூடக் குறையாமல் சடசடவென்று கொட்டியது. சுருளக்கா கட்டிய கைக்குள் தன் தோளையே கிள்ளிக்கொண்டாள். பாதி வேலை ஆயிற்று. புலம் நேராயிற்று. இனி மீதி எல்லாம் இவள் கையில்.

ஆடும் புலத்தைப் போட்டாள் நாத்தனார். மழை அசையவில்லை. தாளம் இன்னும் சேரவில்லை. குமிழை ஒரு மயிரிழை திருப்பினாள். ஒன்றுமில்லை. இன்னும் ஒரு மயிரிழை. மழையில் ஒரு சின்னத் தயக்கம். போன வருஷம் புகை வந்ததும் இதே இடத்தில்தான். ஆம்ப்ளிஃபையரை அவள் பயந்து பார்க்கிறாளா என்று சுருளக்கா கவனித்தாள். பார்க்கவே இல்லை. கண்ணை மூடிக்கொண்டு ஸ்பீக்கரை மட்டும் கேட்டாள், வானொலியில் ஸ்டேஷன் பிடிக்கிற மாதிரி. இன்னும் ஒரு மயிரிழை.

மழை தூறலானது. தூறல் சொட்டுச் சொட்டானது. டிக். டிக்... டிக். பிறகு கூடமே இதுவரை கேட்டிராத ஒரு நிசப்தம். கிழவி பம்பு எங்கோ இருமுவது மட்டும் கேட்டது. எப்போதோ ஒரு தரம், போனால் போகிறதென்று ஒரு 'டிக்'.

இத்தனை ஆயிரம் பம்பரமும், ஒன்று பாக்கியில்லாமல் என்று சொல்லும்படி, தலைகீழாக நின்றன. கண்ணுக்குத் தெரியாத ஒன்றை, கைக்கு எட்டாத ஒன்றை, செப்புக் கம்பியும் தாளமும் வைத்துக்கொண்டு இந்த இரண்டு பெண்கள் சொன்ன பேச்சுக் கேட்க வைத்துவிட்டார்கள். சுருளக்காவின் கட்டிய கை தானாக அவிழ்ந்தது.

"நிறுத்தும்மா," என்றார் கொக்கு.

நாத்தனார் நிறுத்தினாள். மழை கொட்டியது.

"போடு."

போட்டாள். நிசப்தம்.

"நிறுத்து. போடு." குழந்தை சுவிட்சைத் தட்டி விளையாடுவது மாதிரி அவர் சொல்லச் சொல்ல, மழையும் நிசப்தமும் மாறி மாறி வந்தன. கடைசியில் இரண்டு காலையும் தரையில் ஊன்றினார். அவர் அப்படி நின்று யாரும் பார்த்ததில்லை. போனை எடுத்தார். "வாங்க வேண்டாம். எங்ககிட்டயே இருக்கு. ஆமா, எங்க கூடத்துலயே செஞ்சது. விக்கிறவங்களோடதைவிட நல்லா இருக்கு." வைத்துவிட்டு, "சுருள்ல மேல பார்த்து ஒரு அம்புக்குறி போட்டுட்டுத்தான் வீட்டுக்குப் போகணும்," என்றார்.

"போடுறேன் சார். பெருசாவே போடுறேன்," என்றாள் சுருளக்கா. "சார், பெல்ட்டு."

அவர் கீழே குனிந்து பார்த்துவிட்டு, கூடையை நோக்கி ஓடினார்.

ஷட்டர்காரர் தானே போய் வெள்ளை பெயின்ட்டும் பிரஷும் கொண்டுவந்தார். சுருளக்கா அம்புக்குறியை வரைந்தாள், குருடனுக்கும் தெரிகிற மாதிரி. பிறகு பிரஷை நாத்தனாரிடம் நீட்டினாள். "பேரை நீ எழுது. என்ன வேணா வை. ராணின்னு வை. தாளம்னு வை. அந்தப் பழைய பேரு இன்னிக்கோட செத்துடணும்."

நாத்தனார் பிரஷை வாங்கிக்கொண்டு கொஞ்சம் யோசித்தாள். குனிந்து, அம்புக்குறிக்குக் கீழே நிதானமாக எழுதினாள். சுருளக்கா எட்டிப் பார்த்தாள்.

'புகை.'

"உனக்கென்ன பைத்தியமா? நான் எதுக்கு இவ்வளவு..."

"இருக்கட்டும் அண்ணி," என்றாள் நாத்தனார், பிரஷைத் துடைத்தபடி. "வெளியூர்லயிருந்து பெரிய பெரிய ஆளுங்க வந்து இதுல வேலை செய்வாங்க. 'புகை இல்லாம ஒண்ணும் நடக்காது'ன்னு அவங்களே சொல்லட்டும். இவங்களும் பக்கத்துல நின்னு கேக்கட்டும்."

இப்போது அவள் சிரித்த சிரிப்பு பல்லோடு நிற்கவில்லை. சுருளக்கா பெயரையும் அம்பையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு ஷட்டர்காரர் பக்கம் திரும்பினாள்.

"பார்த்தீங்கல்ல? நம்ம வீட்டுப் பொண்ணு."

வீடு திரும்பும்போது வண்டியை நாத்தனார் ஓட்டினாள். பின்னால் உட்கார்ந்து வந்தவளின் விரலில் வெள்ளை பெயின்ட் காயாமல் இருந்தது. அதைத் துடைக்க அவள் அவசரப்படவில்லை. வாசலில் நின்றிருந்த வீட்டு ஆம்பிளை இரண்டு முகத்தையும் பார்த்தார், விரலையும் பார்த்தார். என்னவோ நடந்திருக்கிறது என்று புரிந்துகொண்டு, தன் சட்டத்தைத் தானே உடைத்தார்.

"சரி, சொல்லுங்க. இன்னிக்கு ஒரு நாளைக்கு மட்டும். அந்த நியூட்ரான் என்ன ஆச்சு?"

"திரும்பிடுச்சு," என்றார்கள் இருவரும் ஒரே குரலில். சோறு ஆறிப்போகும்வரை பேச்சை விடவில்லை.